சாகாத அக்காவுக்கு வந்த மோசம்பிகள்

ஒரு வலைப்பை நிறைய மோசம்பி. ஊரில் சாத்துக்குடி என்று சொல்வதைத்தான் புனேயில் பிறந்து வளர்ந்த நாங்கள் மோசம்பி என்போம். கட்கியில் தொழிற்சாலைக் குடியிருப்பின் முன்னறைக் கட்டிலில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு வேலை செய்யும் மராத்திப் பெண்கள் ஏழெட்டுப் பேர், ஷிப்டு முடிந்து நேரே வந்தவர்கள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள். ஒருத்தி அக்காவின் காலைப் பிடித்துவிடுகிறாள். இன்னொருத்தி அவள் தலையைக் கோதி, இவ்வளவு முடியும் கொட்டிப்போகுமே என்கிறாள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் அம்மா சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அக்கா பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். நகத்தால் கீறி உரித்து, எல்லாரும் பார்த்திருக்கத் தின்ன ஆரம்பித்தாள். சாகப்போகிறவளுக்கென்று வந்த பழம் அது. ஒரு சுளையைப் பிய்த்து, "இந்தாட்டி" என்று என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சபையில் இன்றைக்கும் யாராவது சிரிப்புக்காக இந்தக் கதையை எடுப்பார்கள். சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வியும் வரும்: அப்புறம் என்ன ஆச்சு, வேலையை விட்டதுக்குக் கர்த்தர் என்ன கொடுத்தார்? அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கர்த்தர் செய்த நன்மையை எண்ணிச் சொல்லும் சாட்சியாக இதை நான் எழுதவில்லை. கடைசிப் பத்தியில் காரும் வீடும் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அக்காவுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது, எனக்குப் பதினைந்து. குடியிருப்பும் அவள் பேருக்கு மாறியது. மருந்து நிரப்பும் பிரிவு என்பதால் உள்ளே போகும்போது உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. வளையல், சங்கிலி, ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும். அக்கா தினமும் கழற்றி மாட்டுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் நிரந்தரமாகக் கழற்றிவிட்டு, பருத்தி நாடாவால் தலையைக் கட்டிக்கொண்டு போவாள். கல்யாணப் பேச்சு எடுக்க வருகிறவர்கள் இந்தப் பெண் ஏன் மொட்டைக் கழுத்தோடு நிற்கிறது என்று கேட்பார்கள். அம்மா பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனாள். அந்த வேலைதான் எங்கள் சோறு, எங்கள் கூரை, என் கல்லூரிப் படிப்பு. அப்பா செத்து வாங்கித் தந்த வேலை என்றுதான் வீட்டில் அதைச் சொல்வோம்.

நான்கு வருடம் கழித்து ஒரு ஞாயிறு காலை ஆராதனையில் அக்காவுக்குத் தேவனுடைய அழைப்பு வந்தது. நானும் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைய பிரசங்கம் வழக்கம்போல நீளம், மின்விசிறி வேறு ஓடவில்லை. பின்னால் எத்தனையோ தடவை துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன், குரலா, கனவா, வசனமா என்று. "வான்னு கேட்டுச்சு. வேற ஒண்ணும் சொல்லல" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை கூட்டியதில்லை. எங்கே, எதற்கு, எப்போது என்று எதுவும் இல்லாத ஒரு 'வா'. அதை வைத்துக்கொண்டு அவள் மறுநாளே ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டாள். எங்களிடம் மூச்சு விடவில்லை. கடிதம் ஃபோர்மன் மூலமாகத்தான் மேலே போக வேண்டும் என்பதால் முதலில் அவரிடம் போய் நின்றாள்.

ஃபோர்மன் சாகேப் சத்தாரா பக்கத்து மனிதர், பெரிய மீசை, எதற்கும் கலங்காதவர் என்று பெயர். அக்காவின் மராத்தி தொழிற்சாலையில் பொறுக்கிய மராத்தி. ரேஷன் கடையில், பஸ்ஸில், ஷிப்டில் அது தாராளமாக ஓடும். அழைப்பு, ஊழியம் என்ற சொற்களுக்கு அதில் இடம் இருந்ததில்லை. அவள் வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், சபைத் தமிழை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து, எனக்குத் தேவனுடைய அழைப்பு வந்துவிட்டது என்று சொன்னாள்: "மலா தேவாச்ச போலாவண ஆலய." எங்கள் சபையில் இப்படிச் சொன்னால் நாலு பேர் ஸ்தோத்திரம் சொல்வார்கள். மராத்தியில் ஒருவருக்குத் தேவனுடைய போலாவண வந்தது என்றால், அவர் காலம் முடிந்தது, சாகப்போகிறார் என்று பொருள்.

சாகேப் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். எங்கே என்று கேட்டிருக்கிறார். உடம்பில் எந்த இடத்தில் என்பது அவர் கேள்வி. எந்த ஊருக்கு அழைப்பு என்று கேட்கிறார் என நினைத்து, அது இன்னும் தெரியவில்லை என்றாள் அக்கா. எவ்வளவு நாள் என்று கேட்டார். இந்த மாதக் கடைசி வரைக்கும் என்றாள். வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டார். இன்னும் சொல்லவில்லை, அம்மா தாங்கமாட்டாள் என்றாள். இவ்வளவு சிறிய பெண் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறதே என்று அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். நம் மேல் இவருக்கு இத்தனை பிரியமா, வேலையை விடுவதற்கே அழுகிறாரே என்று அக்காவும் சேர்ந்து அழுதிருக்கிறாள். அவர் ராஜினாமாக் கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, நோய் விடுப்புத் தாளை எடுத்துத் தன் கையாலேயே நிரப்பினார். பிறகு பிரிவில் இருந்த பெண்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, மோசம்பிக்கும் தானே ஏற்பாடு செய்தார்.

அப்படித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. வந்திருந்தவர்களில் ஒருத்தி அம்மாவிடம் இந்தியில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க, அம்மா தலையில் கைவைத்துச் சரிய, அப்புறம்தான் அக்காவுக்கே பொறி தட்டியது. பழத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் சாகப்போகவில்லை, வேலையைத்தான் விடுகிறேன் என்று மராத்தியில் திருத்திச் சொன்னாள். அறையில் அழுகை நின்றது. காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவள் கையை எடுத்துக்கொண்டாள். பர்மனென்ட் வேலையையா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அக்கா. அந்த அம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்து, இரண்டும் ஒன்றுதான், நாங்கள் அழுதது வீண்போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு நான் பேசியதை நான் மறக்கவில்லை. அப்பா செத்து வாங்கின வேலையைத் தூக்கி எறிய உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டேன். உனக்குக் கேட்ட குரல் எனக்கும் அம்மாவுக்கும் ஏன் கேட்கவில்லை, நாங்களும் அதே பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தோம் என்று கேட்டேன். எங்கே போகப்போகிறாய் என்று கேட்டதற்கு மட்டும் அக்கா பதில் சொன்னாள்: "கூப்பிட்டவருக்கு எடம் தெரியும்லா. எனக்கு என்னத்துக்குட்டி?" அந்த நிமிடம் அவளை அடித்திருப்பேன். அம்மா அடிக்கவில்லை, பேச்சை நிறுத்தினாள். எட்டு மாதம் அவளுக்குச் சோறு மட்டும் போட்டாள், தட்டு தரையில் மோதும் சத்தத்தோடு.

சபை இன்னும் மோசம். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களான நாங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் அழைப்போம். ஐயரும் கமிட்டிக்காரர்களும் வந்து உட்கார்ந்து, எந்த மிஷன், யார் அனுப்புகிறார்கள், எந்த ஊர் என்று கேட்டார்கள். ஒன்றும் தெரியாது என்றாள். "அட்ரஸ் இல்லாத அழைப்பு உண்டா பிள்ளே?" என்றார் காரியதரிசி. போகுமிடம் தெரியாமல் புறப்பட்டவர்களின் விசுவாசத்தைப் பற்றி வருடத்துக்கு நாலு தடவை பிரசங்கம் வைக்கிறவர்கள், எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி அப்படியே புறப்பட்டதும் விலாசம் கேட்டார்கள். அன்றைக்கு நான் அவர்கள் கட்சி. இன்றைக்கு அதை நினைத்தால் அவர்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேல்தான். ஃபோர்மன் சாகேப் ஒருவர்தான் நியாயமாக நடந்துகொண்டார். கடிதத்தை இரண்டு வாரம் இழுப்பறையிலேயே வைத்திருந்து, பிறகு அவளைக் கூப்பிட்டு, இதில் நான் கையெழுத்துப் போட்டால் திரும்பி வர முடியாது, தெரியுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தெரியும் என்றாள். போட்டுவிட்டார்.

குடியிருப்பைக் காலி செய்தோம். போபோடியில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை. இரண்டாம் ஆண்டோடு நான் பி.எஸ்ஸி.யை விட்டேன், கட்கி பஜாரில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தேன். எல்லாம் நன்மைக்கே என்று இதைப் பற்றி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அக்காவே சொன்னதில்லை. ஊழியத்துக்கு அழைக்கப்பட்டவள் என்று வேலையை விட்டவளுக்கு ஊழியம் எதுவும் வரவில்லை. வேதாகமப் பள்ளியில் இடம் கேட்டாள், கிடைக்கவில்லை. வடக்கே ஒரு மிஷனுக்கு எழுதினாள், தனியாகப் பெண் வேண்டாம் என்று பதில் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அவள் தளேகாவில் ஒரு பாட்டில் கம்பெனியில் தினக்கூலியாகப் பெட்டி அடுக்கினாள். பழைய கூட்டாளிகள் ரயிலில் பார்த்தால், என்னம்மா, தேவன் தளேகாவுக்கா கூப்பிட்டார் என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் வீட்டில், காலையில் முழங்காலில் நின்றுவிட்டு எழும்போது அவள் முகம் சில நாள் வெளுத்திருக்கும். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. அது இருந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதத் தைரியம் வருகிறது.

ஒரு நாள் காலை தளேகாவ் போகும் லோக்கலுக்காக அவள் நிற்கும்போது, பிளாட்பாரத்தில் தமிழ்க் குரல். கட்டட வேலைக்காகத் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். சாரத்திலிருந்து விழுந்த ஆளை இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருக்க, அவன் மனைவி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெரியாஸ்பத்திரி எங்கே என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா எதிர்ப்பக்க ரயிலில் அவர்களோடு ஏறினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்தியில் கேட்க, அந்தப் பெண் பயத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினாள். முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, ஹாங். குடிப்பானா, ஹாங். ஊசி மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா, ஹாங். அக்கா குறுக்கே புகுந்து மூன்றையும் தமிழில் கேட்டாள். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தது. டாக்டர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினார். அன்றைய கூலி போயிற்று, இரண்டு நாளில் வேலையும் போயிற்று. அந்த ஆள் பிழைத்தான். டாக்டர் மறுநாளும் வர முடியுமா என்று கேட்டார்.

போனாள். அப்புறம் போய்க்கொண்டே இருந்தாள். காலையில் ஒரு பால்வாடியில் வேலை, மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. புனே முழுக்கக் கட்டடம் எழும்பிய காலம். மகர்பட்டாவில் நான் இப்போது வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் கட்டடத்துக்குப் பக்கத்துக் கோபுரத்திலிருந்தும் ஆள் விழுந்திருக்கிறான், அவன் தலைமாட்டிலும் அவள் நின்றிருக்கிறாள். மொழி தெரியாத ஊரில் வலியைச் சொல்ல வாயில்லாமல் கிடப்பவனுக்கு அவள் வாய். ஒரு சொல்லையும் அவள் அவசரப்பட்டுப் பெயர்ப்பதில்லை. நீ சொல்வது இதுதானா என்று இரண்டு பக்கமும் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். "தெரிஞ்ச மாதிரி பேசினா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்லா" என்பாள். இதுதான் உன் அழைப்பா என்று ஒரு தடவை கேட்டேன். தெரியவில்லை, இன்றைக்குக் கூப்பிட்டார்கள், போனேன் என்றாள்.

ஐ.டி. வேலைக்காகச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த புதிய குடும்பங்களால் எங்கள் சபை நிறைந்தபோது, அக்காவைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். மைக்கைப் பிடித்த தம்பி, "அது தேவனோட அழைப்புதான்னு எப்படிக்கா கன்ஃபர்ம் பண்ணீங்க?" என்று கேட்டார். "பண்ணலையே" என்றாள். அவர் சிரித்துச் சமாளித்து, விட்டதைக் கர்த்தர் இரட்டிப்பாகத் தந்திருப்பார் இல்லையா என்று எடுத்துக் கொடுத்தார். "இல்ல தம்பி. வேலை போச்சு, வீடு போச்சு, தங்கச்சி படிப்பு போச்சு. ஒண்ணும் திரும்பி வரல. கூப்பிட்டது மட்டும் நெசம்" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நான் சத்தமாகச் சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன். சபையில் என் படிப்பைப் பற்றி ஒருவர் வாய்திறந்தது அன்றுதான்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, தொழிற்சாலையில் அவளோடு இருந்த ஒருத்தி செய்தி கொண்டுவந்தாள். ஓய்வு பெற்றிருந்த ஃபோர்மன் சாகேப் படுத்துவிட்டார், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றாள். ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் புறப்பட்டோம். வழியில் கட்கி பஜாரில் அக்கா மோசம்பி வாங்கினாள். எனக்கு ஒருமாதிரி இருந்தது. வேறு ஏதாவது வாங்கு என்றேன். "மொதல்ல எனக்கு வாங்கித் தந்தது அவியதானட்டி" என்றாள்.

மீசை நரைத்துத் தொங்கிப்போய், கட்டிலில் பாதி இடத்தைக்கூட அடைக்காமல் படுத்திருந்தார். அக்காவையும் அவள் கையிலிருந்த வலைப்பையையும் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆத்தா மலா பண் ஆல, பேட்டீ" என்றார், இப்போது எனக்கும் வந்துவிட்டதம்மா என்று. சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் ஆயிற்று. மருமகளைத் தேநீர் போட அனுப்பிவிட்டு, அவள் உள்ளே போகும் வரை காத்திருந்தார். பிறகு அவர் கேட்டதும் அக்கா சொன்னதும் மராத்தியில்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

"உனக்கு என்னைவிட முன்னாலேயே வந்ததே, அதனால கேக்குறேன். பயமா இருந்துதா?"

எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கைப்பையைத் திறந்து சுவிசேஷத் துண்டுப்பிரதியை எடுத்திருப்பார்கள். அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருந்துது சாகேப். இப்பவும் இருக்கு."

"எங்கேன்னு தெரியாமதானே போனே?"

"தெரியாமதான்."

"பின்ன எப்படிப் போனே?"

"கூப்பிட்ட குரல் தெரிஞ்ச குரல். அதை நம்பிப் போனேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, மோசம்பியை உரி என்றார். அக்கா நகத்தால் கீறி உரித்தாள். ஒரு சுளையை விதை நீக்கி அவர் உதட்டில் வைத்தாள். அவர் அதை உறிஞ்சி முடிக்கும் வரை பொறுத்திருந்து அடுத்ததை நீட்டினாள். அவர் அதை அவள் பக்கமே தள்ளினார். நீயும் தின்னு, இரண்டு பேருக்கும் வந்ததுதானே என்றார். அக்கா தின்றாள். பிறகு இன்னொரு சுளையைப் பிய்த்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் நின்ற என் பக்கம் கையை நீட்டினாள்.

"இந்தாட்டி."

இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன். விதையையும் சேர்த்துக் கடித்துவிட்டேன். கசந்தது. துப்பவில்லை.